அயல்முதல் வருக, அடிமுதல் போகற்க!

‘முதல்’ என்பது தமிழில் ஆழ்ந்த சொல். அது தொடக்கத்தைக் குறிக்கும். மரத்தின் அடியையும் வேரையும் குறிக்கும். வணிகன் கையிலுள்ள பொருளையும் குறிக்கும். எது ஒன்றைத் தொடங்கி வைக்கின்றதோ, எது வேராய் நின்று தாங்குகின்றதோ, அதற்கே அப்பெயர் முற்றும் பொருந்தும். ஆகலின், ஒரு நாட்டுக்குள் வரும் பொருளை முதல் என்று போற்றுமுன், அது வேர்விடுமா என்று வினவுவது தமிழறிந்தார் கடன்.

இன்று ‘முதலீட்டை ஈர்ப்போம்’ என்னும் முழக்கம் ஆட்சி மாறினும் மாறாத முழக்கமாகிவிட்டது. சென்னையில் 2015-ஆம் ஆண்டில் கூடிய உலக முதலீட்டாளர் மாநாட்டில் 2.42 இலக்கம் கோடி உருபாவுக்கும், 2019-இல் 3 இலக்கம் கோடி உருபாவுக்கும், 2024 சனவரியில் 6.64 இலக்கம் கோடி உருபாவுக்கும் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன என்று அரசு அறிவித்தது. முதலிரண்டு மாநாடுகளை நடத்தியது ஒரு கட்சியின் ஆட்சி. மூன்றாவதை நடத்தியது அதற்கு நேர்மாறான கட்சியின் ஆட்சி. இத்தொகையில் உள்நாட்டு நிறுவனங்களின் பங்கும் உண்டு. மேலும், புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது எவரையும் கட்டாத வாய்மொழியின் எழுத்து வடிவேயாகும். ஆயினும், இலக்கம் கோடி என்னும் ஒலியைக் கேட்ட அளவிலேயே, வருவது யாது, எவ்வரையறையில் வருகின்றது, போகும்போது எதை விட்டுச் செல்லும் என்னும் வினாக்கள் எல்லாம் அடங்கிப்போகின்றன.

அவ்வினாக்களை எழுப்புதற்குக் கொங்குநாட்டைவிடப் பொருத்தமான நிலம் வேறில்லை. அயல்முதல் எத்தனை உருவில் வரக்கூடுமோ, அத்தனை உருவிலும் அது நொய்யற்கரைக்கும் பவானிக்கரைக்கும் வந்திருக்கின்றது. சில உரு ஆக்கம் தந்தன. சில அழிவு தந்தன. இரண்டையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யவனர் பொன்னும் இசுடேன்சு ஆலையும்

நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளும் வெளிப்பட்டன. வெள்ளலூரிலும் கருவூரிலும் உரோமக் காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கொங்குநாட்டுக்குள் அயலார் பொன் வந்தது என்பதற்கு இவை சான்று. அப்பொன் எவ்வாறு வந்தது? கொங்கர் செய்த பொருளுக்கு விலையாக வந்தது. உலையும் பட்டறையும், அவற்றை நடத்திய கையும், கைக்குள் இருந்த திறனும் இந்நிலத்தில் இருந்தன. கடல் கடந்து வந்தவன் வாங்குவோனாக வந்தான், உடைமையாளனாக வரவில்லை.

வேற்றார் முதல் உடைமையாளனாக வந்தது ஆங்கிலேயர் ஆட்சியில். குளம்பி வணிகத்தில் ஈடுபட்டிருந்த இராபர்ட்டு இசுடேன்சு, கோவையில் 1888-இல் நூற்பாலையொன்றை நிறுவினார். கோவையின் ஆலைத்தொழிலுக்கு அதுவே தொடக்கம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வோர் ஆலையோடு நின்றிருந்தால் கோவை இன்றைய கோவை ஆகியிராது. 1910-இல் இலக்குமி ஆலை எழுந்தது; அதனையொட்டி உள்ளூர் வேளாண்குடியினரும் வணிகரும் ஒருவர் பின் ஒருவராக ஆலை கட்டினர். பருத்தி விற்ற பணமும், கிணற்றுத் தோட்டத்தில் வியர்வை சிந்திச் சேர்த்த பணமும் பங்குகளாயின. 1930-களில் பைக்காரா மின்னாற்றல் சமவெளிக்கு இறங்கியபோது ஆலைகள் காடுபோற் பெருகின.

ஆலை பெருகியபோது பொறி பழுதுபார்க்கும் பட்டறை பெருகிற்று. பழுதுபார்த்த கை, பொறியையே செய்யத் துணிந்தது. கோ. து. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-இல் இந்நாட்டிலேயே மின்னோடி செய்து காட்டினர். அம்மின்னோடியின் வழித்தோன்றல்களே இன்று இந்தியா முழுதும் கிணறுகளில் ஓடும் கோவை எக்கிகள். இதற்குப் பின்புலமாக நின்றது கல்வி. பூ. சா. கோ. அறநிலையம் 1926-இல் தொடங்கிய தொழிற்பயிற்சிக் கூடத்தில் உழவர் மக்கள் கடைசலும் வார்ப்பும் கற்றனர். அயல்முதல் ஒரு விளக்கை ஏற்றியது உண்மை. அந்த விளக்கிலிருந்து நூறு விளக்கு ஏற்றிக்கொள்ளும் திரியும் நெய்யும் இங்கே இருந்தமையால்தான் ஊர் ஒளிபெற்றது.

கற்றுக்கொண்ட கை

அயலாரோடு கூடித் தொழில் செய்வதற்கு உரிய நெறி எது என்பதற்கும் கோவையே எடுத்துக்காட்டு. 1962-இல் இங்கு இலக்குமி பொறியாக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. நூற்புப் பொறிகளைச் செய்வதில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பட்டறிவு உடைய சுவிசு நாட்டு இரீட்டர் நிறுவனத்தோடு அது தொழில்நுட்பக் கூட்டு வைத்தது. இக்கூட்டில் தலைமை கோவையிடம் இருந்தது. கற்பிக்கும் கடமை சுவிசு நிறுவனத்திடம் இருந்தது. பல்லாண்டுகள் சென்றபின் இருவரும் பிரிந்தனர். பிரிந்த அன்று கோவை வெறுங்கையோடு நிற்கவில்லை. நூற்புக்குரிய பொறித்தொகுதி முழுவதையும் தானே செய்யவல்ல உலக நிறுவனங்கள் சிலவற்றுள் ஒன்றாக அது வளர்ந்திருந்தது. பின்னர்ச் சீனத்திலும் ஆலை நிறுவிற்று. கற்கப் போனவன் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்ததே அக்கூட்டின் பயன்.

உலகில் முன்னேறிய நாடுகள் பலவும் இந்நெறியையே கைக்கொண்டன. சப்பான் போருக்குப் பின் அயல்முதலுக்குக் கதவை அகலத் திறக்கவில்லை. அயல்நாட்டு நுட்பங்களுக்கு உரிமம் பெற்றுக் கற்றது. தென்கொரியா 1968-இல் நிறுவிய எஃகு நிறுவனத்திற்குச் சப்பானின் பணமும் நுட்பமும் உதவின. உடைமையோ கொரியருடையதாய் இருந்தது. சீனம் தன் கதவைத் திறந்தபோதும், பல துறைகளில் உள்நாட்டாரோடு கூட்டுச் சேர்ந்தாலன்றி நுழைய முடியாது என்று நெடுங்காலம் விதித்திருந்தது. அயல்முதலை இவர்கள் எவரும் தள்ளிவிடவில்லை. அதனை ஆசானாக அமர்த்திக் கொண்டனர், ஆண்டையாக அமர்த்தவில்லை.

இந்தியாவின் வழி வேறாயிற்று. 1973-ஆம் ஆண்டு அயற்செலாவணிச் சட்டம், பெரும்பாலான அயல்நிறுவனங்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருத்தலாகாது என்றது. அதற்கு உடன்படாத கொக்கோகோலா நிறுவனம் 1977-இல் வெளியேறிற்று. பின் 1991-இல் அயற்செலாவணி வற்றியபோது, ஏறத்தாழ 47 டன் பொன்னை வானூர்தியில் ஏற்றி இங்கிலாந்து வங்கியில் அடகு வைக்கும் நிலைக்கு நடுவண் அரசு தாழ்ந்தது. அவ்விடரில் கதவு திறக்கப்பட்டது. பசித்தவன் விலைபேச மாட்டான், கேட்டதைக் கொடுப்பான். அன்று கொண்ட பசிமனம், வயிறு ஓரளவு நிரம்பிய பின்னும் ஆட்சியாளரை விட்டு நீங்கவில்லை என்பதே இன்றைய குறை.

நீரை விலைபேசிய முதல்

ஆலை வைக்க வருகின்ற முதல் ஒருவகை. ஆற்றையும் குழாயையும் நோக்கி வருகின்ற முதல் மற்றொரு வகை. முன்னது பொருளைச் செய்து விற்று ஊதியம் தேடும். பின்னது, விலகிச் செல்ல வழியற்ற மக்களின் தாகத்தில் ஊதியம் தேடும்.

திருப்பூர்ச் செய்தியை முதலில் நோக்குக. பின்னலாடை ஏற்றுமதியால் அந்நகர் செழித்தது. சாயப்பட்டறைக் கழிவால் அதன் நிலத்தடிநீர் கெட்டது. சரக்குந்துகளில் நீர் வாங்கித் தொழில் நடந்தது. இதற்குத் தீர்வாக 1995-இல் புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சி நிறுவனம் உருவாக்கப்பட்டது. பவானிப் பகுதியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி இலிட்டர் நீரைக் குழாய்வழிக் கொணர்வது திட்டம். செலவு ஆயிரங்கோடி உருபாவுக்கு மேல். தனியார் முதலில் அமைந்த இந்தியாவின் முதற்பெரு நீர்த்திட்டம் என்று அது கொண்டாடப்பட்டது. மகிந்திரா நிறுவனத்தோடு அமெரிக்கப் பெக்டெல் நிறுவனமும் இங்கிலாந்து நாட்டு நீர்நிறுவனம் ஒன்றும் அத்திட்டப் பணியில் கூட்டுச் சேர்ந்திருந்தன. நீரின் பெரும்பகுதி ஆலைகளுக்கென்றே கணக்கிடப்பட்டது. ஆலைகள் தரும் உயர்விலையில்தான் அத்திட்டம் பிழைக்கும் என்பது கணக்கு.

அக்கணக்கில் ஒன்று விடுபட்டது: ஆற்றின் கணக்கு. 1992-இல் உழவர்க்கென்று கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் நஞ்சுக் குட்டையாயிற்று. கீழ்நிலத்து உழவர் வழக்காடினர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாவண்ணம் தூய்மைசெய்தல் வேண்டும் என்று சென்னை உயர்முறைமன்றம் 2006-இல் ஆணையிட்டது. ஆணை மதிக்கப்படவில்லை. 2011 சனவரியில் அம்மன்றம் எழுநூற்றையொட்டிய சாயப்பட்டறைகளை மூடுமாறு பணித்தது. பட்டறை மூடியவுடன் நீர் வாங்குவோர் குறைந்தனர்; நீர்நிறுவனத்தின் வருவாய் சரிந்தது; கடன்சுமை ஏறிற்று. ஆற்றைக் கொன்று வளர்ந்த தொழிலின் மேல் கட்டிய முதலீடு, அத்தொழில் நின்ற அன்றே ஆட்டங்கண்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லுதல் வேண்டும். நொய்யலைக் கெடுத்தது அயலார் முதல் அன்று, நம்மவர் முதலே. சாயப்பட்டறைகள் தமிழருடையவை. ‘நம்மவன் செய்தால் நஞ்சும் அமுது’ என்பார் நாட்டுப்பற்றாளர் ஆகார். ஆயினும் அந்நஞ்சுக்கு அயலார் பொறுப்பும் ஒருபங்கு உண்டு. மேலைநாட்டு ஆடைவணிகர் ஓர் ஆடைக்குத் தரும் விலையில், தையற்கூலி அடங்கும், நூல்விலை அடங்கும். ஆற்றைத் தூய்மையாய் வைப்பதற்கான செலவு அடங்கவில்லை. அச்செலவை நொய்யற்கரை உழவர் தம் தென்னையாலும் கிணற்றாலும் செலுத்தினர். ஆடை கடல் கடந்து போயிற்று. சாயம் இங்கே தங்கிற்று.

அடுத்தது கோவை மாநகர். சிறுவாணி நீரின் சுவையை உலகெங்கும் சென்று பேசுவோர் கோவை மக்கள். ஆனால் நகரின் பல பகுதிகளில் வாரம் ஒருமுறையோ, அதற்கும் மேற்பட்ட இடைவெளியிலோ நீர் வந்ததும், பழங்குழாய்களில் மிகுநீர் ஒழுகி வீணானதும் மறுக்கவொண்ணாத உண்மைகள். இக்குறையைக் காட்டியே, 2018-இல் மாநகராட்சி நீர்வழங்கும் பணியைப் பிரெஞ்சு நாட்டுச் சூயசு நிறுவனத்திடம் 26 ஆண்டுகட்கு ஒப்படைத்தது. மூவாயிரங்கோடி உருபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் அது. நீர்விலையை வரையறுக்கும் உரிமை மாநகராட்சியிடமே இருக்கும் என்றனர் அலுவலர். கட்சிகளும் மக்கள் அமைப்புகளும் எதிர்ப்புக் காட்டின.

மாநகராட்சியின் குறை உண்மையானது எனின், அக்குறைக்குத் தீர்வு இதுவா என்பதே வினா. சூயசு நிறுவனம் பிறந்த நாட்டுத் தலைநகராகிய பாரிசு மாநகரே, தன் நீர்வழங்கலைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து மீட்டு, 2010 சனவரி முதல் நகராட்சியின் கையில் எடுத்துக்கொண்டது. அந்நிறுவனங்களுள் சூயசும் ஒன்று. அருசெண்டினாவின் தலைநகர் 1993-இல் தன் நீர்ப்பணியைச் சூயசு தலைமையிலான குழுவிடம் கொடுத்தது. 2006-இல் அவ்வொப்பந்தம் முறிந்தது. முறித்ததன் பயனாக, 40 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தருமாறு அந்நாட்டின்மீது அனைத்துலகத் தீர்ப்பாயம் 2015-இல் தீர்ப்பு வழங்கிற்று. பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் பெக்டெல் சார்ந்த நிறுவனம் நீர்விலையை ஏற்றியபோது 2000-ஆம் ஆண்டில் மக்கள் தெருவில் திரண்டனர், உயிரிழப்பு நேர்ந்தது, ஒப்பந்தம் விலக்கப்பட்டது. நுழைவது எளிது, மீள்வது அரிது என்னும் பாடத்தை இம்மூன்று நகர்களும் கற்பிக்கின்றன. 26 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை வளர்ந்து தொட்டில் கட்டும் நாள்வரை கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தை, ஓர் அவையின் சில நாளைய முடிவுக்கு விடுவது முறையாகுமா?

நீரைக் காத்த பெருமையும் கொங்குமண்ணுக்கு உண்டு. 1977-இல் வெளியேறிய கொக்கோகோலா 1993-இல் மீண்டும் இந்தியாவுக்குள் வந்தது. பொள்ளாச்சிக்கு அணித்தே, பாலக்காட்டு எல்லைக்குள் உள்ள பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டில் ஆலை வைத்தது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீர் வாய்வைக்க ஒவ்வாததாயிற்று என்று பழங்குடி மக்கள் போராடினர். ஊராட்சி உரிமம் மறுத்தது. 2004-இல் ஆலை நின்றது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, நேர்ந்த கேட்டின் மதிப்பை 216 கோடி உருபா என 2010-இல் கணக்கிட்டது. இழப்பீடு பெற்றுத்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெறாமல் அது வீழ்ந்தது. அப்பாடத்தைப் பெருந்துறை மக்கள் மறக்கவில்லை. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் அதே நிறுவனத்திற்கு 71 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டபோது உழவரும் வணிகரும் ஒன்றுதிரண்டனர். 2015 ஏப்பிரலில் ஒதுக்கீடு விலக்கப்பட்டது. முதலீட்டை எதிர்த்த குற்றத்தை அம்மக்கள்மேல் சுமத்தியோர் உண்டு. ஐந்நூறு கோடி உருபா முதலீட்டைவிடக் காவிரிநீர் பெரிது என்று அறிந்திருந்தமையே அவர்கள் செய்த குற்றம்.

பறவை முதல்

மூன்றாம் வகை முதல் பறவை போன்றது. பழுத்த மரத்தை நாடி வரும். பழம் தீர்ந்தால் பறக்கும். திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா செல்பேசி ஆலை, உலகின் பேராலைகளுள் ஒன்றாய் வளர்ந்தது. பல்லாயிரவர்க்கு வேலை, அவருட் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். வரிச்சலுகைகள் அள்ளி வழங்கப்பட்டன. பின் வரிவழக்கு எழுந்தது, நிறுவனமே கைமாறிற்று, 2014 நவம்பர் முதல்நாள் ஆலையின் கதவு அடைபட்டது. செல்பேசியின் உள்ளுறுப்புகளைப் படைக்கும் அறிவு அப்பெண்களின் கையில் தங்கவில்லை. உறுப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலையே அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. ஆலை போனபின் அவ்வேலையும் போயிற்று. இலக்குமி நிறுவனத்தைச் சுவிசு நிறுவனம் விட்டுப் பிரிந்ததையும், திருப்பெரும்புதூரை நோக்கியா விட்டுப் பிரிந்ததையும் ஒருசேர வைத்துப் பார்ப்பார்க்கு, வேர்விட்ட முதலுக்கும் பறவை முதலுக்கும் உள்ள வேறுபாடு உள்ளங்கை நெல்லிக்கனி.

சலுகையின் விலை எத்துணைப் பெரிது என்பதற்கு நிசான் வழக்குச் சான்று. மகிழுந்து ஆலை அமைப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 2008-இல் சில வரிச்சலுகைகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அத்தொகை முழுதும் வரவில்லை என்று கூறி, 77 கோடி டாலருக்கு மேல் கேட்டு அந்நிறுவனம் இந்தியாவின்மீது அனைத்துலகத் தீர்ப்பாயத்தை நாடிற்று. 2020-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. இங்கே எண்ணத்தக்கது ஒன்றுண்டு. கோவைப் பட்டறைக்காரர் ஒருவர்க்கு அரசு தரவேண்டிய தொகை நின்றால், அவர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவார். மிஞ்சினால் உள்ளூர் முறைமன்றத்தில் வழக்கிடுவார். அயல்முதலாளிக்கோ நாட்டின் சட்டத்துக்கும் மேற்பட்ட வேறொரு மன்றம் திறந்திருக்கின்றது. ஒரே மண்ணில் தொழில் செய்வார் இருவர்க்கு இருவேறு வாயில்கள்!

வீட்டு விளக்கு

‘வேலையில்லா இளைஞர் பெருகிய நாட்டில் வரும் முதலைத் தடுக்கலாமா?’ என்று வினவுவோர் உளர். வினா முறையானதே. சென்னையைச் சுற்றி அயல்நாட்டு மகிழுந்து ஆலைகள் வந்தமையால் வேலை பெருகியதும், அவற்றுக்கு உறுப்புகள் செய்துதரும் வாய்ப்புக் கோவை வார்ப்படச் சாலைகளுக்குக் கிடைத்ததும் உண்மை. இக்கட்டுரை அயல்முதலைத் தீண்டத்தகாதது என்று சொல்லவில்லை. அயலான் வீட்டு விருந்துக்குக் காட்டும் பரிவில் பத்தில் ஒன்றையேனும் வீட்டு விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதில் காட்டுக என்றே சொல்லுகின்றது.

கோவையின் சந்துதோறும் கடைசற் பொறி ஒன்றோ இரண்டோ வைத்துத் தொழில் செய்வார் பல்லாயிரவர். முதலாளியும் தொழிலாளியும் அங்கே ஒருவரே. 2016-இல் பணத்தாள் செல்லாதென்ற அறிவிப்பும், 2017-இல் சரக்கு-பணி வரியும் அவர்களை உலுக்கின. 2021-இல் இரும்பின் விலையேற்றம் ஒடித்தது. 2022-இல் உயர்த்தப்பட்ட மின்கட்டணத்தை எதிர்த்து, 2023 செப்டம்பரில் மாநிலம் முழுதும் சிறுதொழில் செய்வோர் ஒருநாள் கதவடைத்தனர். இவர்களுக்கு வங்கிக் கடன் எளிதில் இல்லை, ஈடு கேட்பார்கள். நிலம் இல்லை, மின்கட்டணத் தள்ளுபடி இல்லை. பேரயல் நிறுவனத்துக்கோ நிலமும் நீரும் மின்னும் வரிவிலக்கும் வாயிலில் கொண்டுவந்து வைக்கப்படும். உழவன் தன் விதைநெல்லை விருந்தினர்க்குச் சமைத்துப் போட்டுவிட்டு, ‘அடுத்த போகத்துக்கு விருந்தினர் விதைப்பார்’ என்று காத்திருந்த கதையை இஃது ஒக்கும்.

குத்தகைக்கு விடுவோன் கேட்கும் வினாக்கள்

கொங்குநாட்டு உழவர் ஒருவர் தம் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுமுன் என்னென்ன கேட்பார் என்பதை ஆட்சியாளர் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். எத்தனை ஆண்டு என்பார். கிணற்றைத் தூர்வாருவது யார் என்பார். மரத்தில் கைவைக்கலாகாது என்பார். வரப்பு கரைந்தால் யார் அணைப்பது என்பார். முந்திய தோட்டத்தை அவன் எந்நிலையில் விட்டுவந்தான் என்று நாலு பேரிடம் உசாவுவார். மீளும்போது நிலம் எந்நிலையில் கைக்கு வரவேண்டும் என்பதை ஊர்ப்பெரியவர் முன் சொல்லிவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் நான்கு ஏக்கர் நிலத்துக்கு இத்தனை வினாக் கேட்கும்போது, ஒரு நாட்டையே குத்தகை பேசுவோர் கேட்க வேண்டியவை எத்தனை?

அவ்வினாக்களையே வரையறைகளாக இவ்வாறு வகுக்கலாம்:

ஒன்று: குடிநீரும் ஆறும் முதலீட்டுப் பொருளாகா. குழாய் பதிக்கவும் பொறி அமைக்கவும் எவரிடமும் பணி கொள்ளலாம். நீரை ஆளும் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் கையை விட்டுப் போகலாகாது.

இரண்டு: சலுகை பெறும் நிறுவனம் நுட்பத்தையும் தரவேண்டும். உறுப்புகளில் எத்தனை விழுக்காடு இங்கே செய்யப்படும், எத்தனை ஆண்டுக்குள் அது உயரும், எத்தனை தமிழ் இளைஞர் வடிவமைப்பிலும் ஆய்விலும் பயிற்றப்படுவர் என்பவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மூன்று: நடுவில் விட்டுச் செல்வோர் பெற்ற சலுகையைத் திருப்பித் தருதல் வேண்டும். வரும்போதே அதற்கு ஈடு வைத்தல் வேண்டும். சிறு பட்டறைக்காரரிடம் ஈடு கேட்கும் ஆட்சி, பேராலைக்காரரிடம் கேட்க நாணுவானேன்?

நான்கு: கழிவுக்கு யார் பொறுப்பு என்பது முதல்நாளே உறுதியாக வேண்டும். இவ்வரையறை அயலார்க்கும் நம்மவர்க்கும் ஒன்றே. நொய்யல் அதற்கு நிலையான சான்று.

ஐந்து: அயல்நிறுவனத்துக்குத் தரும் நிலம், மின், வரிச்சலுகைகளின் கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதே அளவுகோலில் உள்நாட்டுச் சிறுதொழிலுக்கு என்ன தரப்பட்டது என்பதும் அதன் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

ஆறு: மக்களின் நிலத்தையும் நீரையும் தொடும் ஒவ்வோர் ஒப்பந்தமும் மக்கள் மொழியாகிய தமிழில், கையெழுத்தாகுமுன், ஊராட்சியிலும் மாநகராட்சிக் கூடத்திலும் வைக்கப்பட வேண்டும். எந்த மக்களை ஓர் ஒப்பந்தம் 26 ஆண்டு கட்டுகின்றதோ, அந்த மக்கள் படித்தறிய இயலாத மொழியில் அஃது இருக்குமாயின், அதற்கு ஒப்பந்தம் என்னும் பெயரே பொருந்தாது. ஒப்பியது யார்?

இவற்றைச் சொன்னால் முதலாளர் பக்கத்து மாநிலத்துக்கு ஓடிவிடுவர் என்னும் அச்சுறுத்தல் எழும். ஒரு மாநிலம் ஐந்து தந்தால் மற்றொன்று ஆறு தரும். மூன்றாவது ஏழு தரும். இந்த ஏலத்தில் வெல்வோன், மிகுதியாய் இழப்போனே. திறன்மிக்க கைகளும், படித்த இளைஞரும், துறைமுகங்களும், ஒரு நூற்றாண்டுத் தொழிற்பழக்கமும் உள்ள தமிழ்நாடு, எதுவும் இல்லாதான் போல் காலில் விழ வேண்டுவதில்லை. கோவையை நாடி வருவோர் வெற்று நிலத்தை நாடி வருவதில்லை. மூன்று தலைமுறையாகக் கடைசற் பொறிமுன் நின்று பழகிய கையையே நாடி வருகின்றனர். அக்கைக்கு உரிய விலையைக் கேட்பது பிச்சையன்று.

குறளாசான் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு செயலில் அழிவது எது, ஆவது எது, அதன் பின்னே தொடர்வது எது என்று மூன்றையும் எண்ணியே இறங்க வேண்டும் என்பதும், வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கையிலுள்ளதைப் பறிகொடுப்பது அறிவுடையார் செயலன்று என்பதும் அவர் காட்டும் நெறி. இலக்கம் கோடி என்னும் எண்ணைக் காட்டும் ஆட்சியாளர், ஆவதைமட்டும் சொல்லுகின்றனர். அழிவதையும் தொடர்வதையும் கேட்க வேண்டியவர் மக்கள்.

தமிழகத்துக்கு அயல்முதல் வரட்டும். கற்பிக்க வரட்டும், கூடித் தொழில் செய்ய வரட்டும், நம் பொருளை வாங்கவும் வரட்டும். ஆற்றையும் மண்ணையும் கைத்திறனையும் விலையாய்க் கேட்டு வருமாயின், வாயிலிலேயே நிறுத்தி, ‘எங்கள் முதல் இவைதாம், இவை விற்பனைக்கு இல்லை’ என்று சொல்லும் துணிவு வேண்டும். பெருந்துறை மக்கள் அதனை ஒருமுறை சொல்லிக் காட்டினர். ஆள்வோர் சொல்லத் தயங்கும் நாளில் எல்லாம் மக்கள் சொல்லுக!